தேன்கூட்டுக்கு நான் போட்ட ஓட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மழைக்காலம் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு வைட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். மென்பொருள் கம்பெனியில் வேலை. காடு, பறவை, ஏரி என்றால் கொஞ்சம் பைத்தியம். வாரம் முழுக்கத் தேடிப் படித்து, ஐந்து நல்ல கட்டுரைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, ‘இந்த வாரம் படிக்க’ என்று ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவேன். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒரு பிரதி ஒட்டுவேன். செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் எனக்கு ‘மரம் சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான். குரூப்பில் இதயமும் கும்பிடுமாக எமோஜிகள் வந்து குவியும். ஆனால் ஒருத்தரும் திறந்து படிப்பதில்லை என்று மனைவியிடம் புலம்பித் தள்ளுவேன்.

அந்த வாரம் மலைத்தேனீக்களைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. மரங்கள் பூக்கும் காலத்தில் வந்து கூடு கட்டும், பூ முடிந்ததும் தானாகவே கிளம்பிப் போய்விடும், சீண்டாதவரை நம் வழிக்கு வராது என்று எழுதியிருந்தது. எங்கள் பிளாக்கிலேயே ஒன்பதாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் பெரிய கூடு ஒன்று தொங்கியதால் அதைத்தான் முதலில் போட்டேன். அனுப்பிவிட்டு, ஏழாவது மாடியில் எங்கள் பால்கனியில் டீயோடு உட்கார்ந்தேன்.

மேலிருந்து ஒரு தேனீ மேஜை மேல் விழுந்து துடித்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை, சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தன. மருந்து நெடி மூக்கில் ஏறியது. எட்டிப் பார்த்தால், மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கிய ஒருவர், உடம்பு முழுக்க மூடிக்கொண்டு, கூட்டின் மேல் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லாபியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பத்திரமாக நின்று, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். யாரைக் கேட்டு இந்தக் கொலையைச் செய்கிறீர்கள், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். மனிதர் அசரவே இல்லை.

“நோடி, பாருங்க சார், குரூப்ல கேட்டுத்தானே பண்றோம்? ஒரு வாரமா ஓட்டு ஓடிச்சு. நீங்க கூட ‘யெஸ்’ போட்டிருக்கீங்களே!”

போனை நீட்டினார். ஒன்பதாவது மாடித் தேன்கூட்டை மருந்தடித்து எடுக்கலாமா என்று பச்சையாகவே கேட்டிருந்தார்கள். ‘ஆம்’ என்றவர்களின் வரிசையில் என் பெயர். பக்கத்தில் என் முகத்துக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் இருவாச்சிப் பறவையின் படம்.

எங்கள் குரூப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ, லிஃப்டை நிறுத்த, பூங்கா வேலிக்குப் பெயிண்ட் அடிக்க என்று வாரத்துக்கு நாலு ஓட்டாவது வரும். மெட்ரோவில் நின்றபடியே, என்ன ஏது என்று பார்க்காமல் ‘ஆம்’ தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது என் வழக்கம். ஜன்னல்களை மூடி வையுங்கள் என்று முந்தின நாள் வந்த அறிவிப்பையும் நான் படிக்கவில்லை. ஊரெல்லாம் படிக்க வேண்டும் என்று வாராவாரம் பட்டியல் போட்டவன், தன் வீட்டு வாசலுக்கு வந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை!

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். கதவுக்கு வெளியே அதைவிட மோசமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிளாக்கைப் பெருக்கும் அக்கா, கூட்டுக்கு நேர் கீழே, விழுந்த தேனீக்களை ரப்பர் செருப்புக் காலோடு கூட்டி வாரிக்கொண்டிருந்தார். ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் தமிழ்க்காரர். கையுறை இல்லை, முகத்துக்கு ஒரு துணிகூட இல்லை. சாகாத தேனீக்கள் அவரைச் சுற்றி மொய்த்தன.

நான் வெளியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். எனக்கும் இரண்டு கொட்டு விழுந்தது. அவருக்கு முகம், கழுத்து, கை எங்கும் தடித்திருந்தது.

“ரெண்டு மாசமா அதுக்கு அடியிலதான் சார் பெருக்கறேன். ஒண்ணுகூட கொட்டினதில்ல” என்றார். அப்புறம், “மூச்சு ஒரு மாதிரி இருக்குது சார்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வீங்க ஆரம்பித்திருந்தது.

காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். என் தேனீக் கட்டுரைக்கு வரிசையாக இதயங்கள். அதற்குக் கீழேயே, காலியான சன்ஷேடின் படத்துக்கு வரிசையாகக் கைதட்டல். இரண்டையும் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எழுதினேன். மூன்று பேர் சீக்கிரம் குணமாகட்டும் என்றார்கள். நாலாவது ஆள், அப்படியானால் இன்று லாபியை யார் துடைப்பது என்று கேட்டார். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். அதற்குள் சங்கக் கூட்டத்தில் நான் போட்ட சண்டையில், இனி எந்தக் கூட்டுக்கும் மருந்தடிப்பதில்லை என்று எழுதி வாங்கியிருந்தேன். அந்தச் செய்தியோடு அவரிடம் போய், அன்று மருந்தடிக்க நானும்தான் ஓட்டுப் போட்டேன், படிக்காமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.

“தெரியும் சார்” என்றார், கையிலிருந்த துடைப்பத்தை நிறுத்தாமலே. “காத்தால சூப்பர்வைசரு அங்க நில்லுன்னப்போ எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. போன்ல ஓட்டைக் காட்டி, ‘மரம் சாரே சரின்னுட்டாரு, அவருக்குத் தெரியாததா’ன்னாரு. அதான் நின்னேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

செயலாளர் மேலும் அந்தக் கைதட்டல்காரர்கள் மேலும் எனக்கு இருந்த கோபம் நாளாக நாளாகக் குறைந்துகொண்டு வருகிறது. என் ‘ஆம்’ என்ற ஒரு தட்டலை நம்பி ஒரு பெண் அந்தக் கூட்டுக்கு அடியில் போய் நின்றார் என்பதில் என் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இன்றுவரை ஒரு துளியும் ஆறவில்லை.