ஆயில் இறக்க நல்ல நாள்

எங்கள் வீட்டு லாரிக்கு ஆயில் மாற்ற நல்ல நாளே வருவதில்லை. காலண்டர் கிழிக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன். கச்சிராயபாளையத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். அதனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் தேதித்தாள் கிழிப்பதும் அதில் இருப்பதைப் படித்துச் சொல்வதும் என் வேலை. வீட்டுக்காரர் காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே, "இன்னிக்கு இன்னா நாள்மே?" என்று கேட்பார். நான் உள்ளேயிருந்து சொல்வேன். அவராகக் கேட்டு வாங்குகிற பேச்சு என்னிடம் அது ஒன்றுதான்.

லாரி வெள்ளிமலைப் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி ஆலையில் கொட்டும். கரும்பு வெட்டுகிற காலத்தில் கரும்பு அடிக்கும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான். நிலம் இருந்தது, இப்போது இல்லை.

மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஆயில் மாற்றிவிட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவார். மீட்டர் இந்த எண்ணுக்கு வந்ததும் மறுபடி மாற்றணும் என்று அதில் எழுதியிருக்கும். வண்டிக்குள் கூட்டித் துடைப்பது நான் என்பதால் சீட்டையும் பார்ப்பேன், மீட்டரையும் பார்ப்பேன். டீசல் வண்டி ஆயில் கறுத்துப் போவது தப்பில்லை என்று மெக்கானிக் ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கியிருக்கிறேன். என்ஜின் அழுக்கை எல்லாம் அது தன்மேல் வாங்கிக்கொள்கிறதாம், அதனால் கறுக்கிறதாம். ஆனால் அதற்கு மேல் வாங்க முடியாமல் போகிற அளவு ஒன்று உண்டு, அதற்குள் மாற்றிவிடணும் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

இந்தப் பீடையை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். அப்போது வேறு லாரி. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஆயில் இறக்கினார்கள். சட்டி நிரம்பி வழிந்து, நான் போட்ட கோலத்தின் மேல் கறுப்பாக ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. கோலம் போச்சே என்று சொல்ல வாய் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வெள்ளிக்கெழம எண்ணெய வெளிய வுடறாங்களே" என்று மட்டும் சொன்னேன். மாமியார் காதில் விழுந்தது, வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. அதோடு வெள்ளிக்கிழமை ஆயில் இறக்குவது நின்றது.

பிள்ளையை மேல்படிப்புப் படிக்க வைக்கலாம் என்று சொன்னேன், நடக்கவில்லை. நிலத்தை விற்க வேண்டாம் என்று சொன்னேன், விற்றார்கள். கோலத்துக்காகச் சொன்ன பொய்ச் சாக்கு மட்டும் சட்டமாக நின்றுவிட்டது. பிறகு அதோடு செவ்வாய் சேர்ந்தது. அமாவாசை சேர்ந்தது. அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. மிச்சம் இருக்கிற நாளில் லோடு இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மலை ரோட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது என்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் பிரித்து, பிறை மாதிரி இருந்த ஒரு பேரிங்கை எடுத்துக் காட்டினார். நகத்தால் கீறினது போலக் கோடு கோடாக இருந்தது. "காலாகாலத்துல ஆயில மாத்தியிருந்தா இது வந்திருக்காது" என்றார். வீட்டுக்காரர், "அது நேரம்" என்றார். வண்டி ஷெட்டில் கிடந்த அத்தனை நாளும் நான் அந்தக் கோலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் அதே கதை. வீட்டுக்காரர் புது ஆயில் கேனும் பில்டரும் வாங்கி வந்து அடுப்பங்கரையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மீட்டர் சீட்டைத் தாண்டியது. நான் கேனைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை லோடு. செவ்வாய் கேட்கவே வேண்டாம். புதன் லோடு. வியாழன் அஷ்டமி.

"ஏங்க, மீட்டர் ரொம்பத் தாண்டிக்கினு போவுது" என்றேன்.

"நீ நாளச் சொல்லு, மீட்டர நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் எலவனாசூர்கோட்டைக்கு ஒரு காதுகுத்துக்கு பஸ் ஏறினார். கொஞ்ச நேரத்தில் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாயங்காலம் மலை ஏறணும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். என்ஜின் சூடாக இருந்தது. சூட்டோடு இறக்கினால்தான் அழுக்கோடு வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். பக்கவாட்டில் வெட்டி வைத்திருந்த பழைய கேனைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். இந்த வயசில் முட்டி மடங்கவில்லை, படுத்துக்கொண்டேதான் போனேன். போல்ட் அசையவே இல்லை. தப்பான பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தெரிந்தது. ஊறுகாய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு திருப்பினேன். மெக்கானிக் செய்வதைப் பார்த்த மாதிரி ஸ்பேனர் காம்பில் ஒரு தண்ணீர்க் குழாயைச் சொருகிக் காலால் உதைத்தேன். படக்கென்று விட்டுக்கொடுத்தது. ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்தது. சுட்டது. அத்தனை வருஷக் கோபத்துக்கு அந்தச் சூடு பெரிதாகத் தெரியவில்லை.

வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. ஆயில் இல்லாத வண்டியை யாராவது ஸ்டார்ட் செய்தால் என்ஜின் அங்கேயே செத்தது. வண்டிப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக்கூடப் போகவில்லை.

மூணு மணிக்கு டிரைவர் வந்தார். வெள்ளிமலைக்காரர், வாய் சும்மா இருக்காது.

"அம்மா, சாவி குடுங்க. வெளிச்சத்துல ஏறிடணும்."

நான் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, நீங்களும் லோடு ஏத்த வர்றீங்களா?"

"வண்டி எடுக்கக் கூடாது தம்பி."

"ஏன், இன்னிக்கும் அஷ்டமியா?"

"ஆயில் இல்ல."

அவர் குனிந்து அடியில் பார்த்தார். கேனைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"மெக்கானிக் வந்தாரா?"

"நான்தான்."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமம்மா."

"தெரியும். கிழிக்கிறதே நான்தானே."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் புது ஆயிலை ஊற்றச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். "மொதலாளி வரட்டும். எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது." எதிரில் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் அஞ்சு மணி பஸ்ஸில் தாம்பூலப் பையோடு இறங்கி வந்தார். கேனைப் பார்த்ததும் நின்றார். "வெள்ளிக்கெழம அதுவுமா எவன் எறக்கினது?"

டிரைவர் புளியமரத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன். இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கி வெள்ளிக்கெழம வேணாம்னு சொன்னதும் நான்தான். கோலம் அழிஞ்சி போச்சேன்னு சொன்னது. அது சாஸ்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நீ எப்ப சொன்ன? அது எங்கம்மா சொன்னது."

அந்தப் பழியாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

இறக்கினதைத் திரும்ப ஊற்ற முடியாதே. "ராகுகாலம் முடிஞ்சிதா பாரு" என்றார். அது பன்னிரண்டு மணிக்கே முடிந்திருந்தது. டிரைவர் பில்டரை மாற்றிப் போல்ட்டை இறுக்கி ஆயில் ஊற்றினார். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கம்பியை உருவி அளவு பார்த்தார். அடுத்து மாற்றவேண்டிய மீட்டர் கணக்கைச் சீட்டில் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். வண்டி மலைக்குப் போயிற்று.

பழைய ஆயில் கேனை வேலிப்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். கரையானுக்கு வேலிக்காலில் பூசலாம் என்று.

"எங்க போற? வெள்ளிக்கெழம எண்ணெ வாசலத் தாண்டக் கூடாது. உள்ள வையி."

உள்ளே வைத்தேன். புதுக் கேன் இருந்த அதே இடத்தில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். மறுநாள் கரிநாள். அப்புறம் செவ்வாய் வந்தது. இதை எழுதுகிற இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.