வைத்தியச்சி கேட்ட விதி

இலங்கையில் கொடகவெலப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு வேடம், சண்டையில் யார் பிழைப்பது என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வோம். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்பதால், ஆட்டத்தை நடத்தியதும் நானே.

இறப்பர் பால் வெட்டும் சாந்திக்கு வைத்தியச்சி வேடம். ஒருநாள் சண்டையில் எல்லாரையும் பிழைக்க வைத்தவள், கடைசியில் தானே காயப்பட்டு விழுந்தாள். தன் மருந்தைத் தானே குடிக்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றேன்.

“என்னங்க சேர், போர்வீரனுக்கு வாள், கவசம் எல்லாம் இருக்கு. எனக்கு என் மருந்துகூட இல்லையா? புத்தகத்த படிச்சுக் காட்டுங்க.”

திறந்து பார்த்தேன். குடிக்கலாம் என்றுதான் எழுதியிருந்தது. எல்லார் முன்னாலும் தோற்க எனக்கு மனமில்லை.

“முடியாதுன்னுதான் போட்டிருக்கு” என்று மூடிவிட்டேன்.

அதன்பிறகு சாந்தி ஆட வரவில்லை. சில மாதங்களில் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். இரண்டு வருடம் என்று நம்பிப் போனவளை நான்கு வருடம் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் அவள் அம்மா இறந்துவிட்டார்.

திரும்பி வந்தவளிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியுங்க சேர். படிக்கிறப்ப உங்க முகம் மாறுச்சே” என்றாள். பிறகு, “போறதுக்கு முந்தி ஒப்பந்தக் கடுதாசிய உங்ககிட்ட காட்டச் சொல்லி அம்மா சொன்னாங்க. நாலு வருஷம்னு அதுல இங்கிலீஷ்ல இருந்துச்சாம். நான்தான் உங்ககிட்ட வேணாம்னுட்டேன்” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இன்றும் யாராவது ஒரு கடுதாசியை நீட்டி வாசிக்கச் சொன்னால், ஒரு வரி விடாமல் இரண்டு தரம் வாசித்துக் காட்டுகிறேன்.