பார்த்தேனாவும் பீச் பழமும்

நவூசா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பீச் பழத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்தே பார்த்தேனா பழ ஆலையில் என் பக்கத்தில் நின்று பழம் தரம் பிரித்தாள். பழத்தோலின் சுணை பட்டுக் கை அரிப்பது எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை யாரும் நோயாக நினைத்ததில்லை.

ஒரு ஜூலை மத்தியானம் ஒரு பழத்தைக் கடித்தாள். உதடு வீங்கியது.

"யாருடி கடிச்சது, லாசரோஸா?" என்று அவள் புருஷன் பெயரைச் சொல்லிக் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

அதற்குள் இமைகள் தடித்து மூடிக்கொண்டன, குரல் கம்மியது. எச்சில் விழுங்க முடியவில்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மேஸ்திரி ஒரு அலர்ஜி மாத்திரை கொடுத்து உட்காரச் சொன்னார். அது வேலை செய்யுமுன் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. என் காரில் ஏற்றிக்கொண்டு வேரியா ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலிலேயே தொடையில் ஊசி போட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். "முகம் வீங்கினா கண்ணுக்குத் தெரியும். தொண்டைக்குள்ள வீங்கினா தெரியாது. குரல் மாறுச்சுன்னா அதுதான் அடையாளம். அப்ப மாத்திரையை நம்பி உட்காராதீங்க. நான் எழுதித் தர்ற ஊசியை எப்பவும் கையோட வெச்சிருங்க, அதைத் தொடையில நீங்களே குத்திட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

பீச்சை வேகவைத்தும் தின்னக்கூடாது, சுணை பறக்கும் இடத்தில் நிற்கக்கூடாது என்றார்.

"இது எப்ப சரியாகும்?" என்று கேட்டாள் பார்த்தேனா.

"சரியாகும்னு சொல்ல முடியாதும்மா."

ஆலையில் டப்பா அடுக்கும் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். சுணை அங்கும் வந்தது. அடுத்த கோடையில் குரல் கம்மியதும் தனக்குத்தானே ஊசி குத்திக்கொண்டு ஆம்புலன்ஸில் போனாள். அதோடு வேலை போயிற்று. மேஸ்திரி மரியாதையாகத்தான் சொன்னார்.

லாசரோஸுக்குத் தெரிந்தது தோட்ட வேலை மட்டும். அறுவடைக் காலத்தில் வெளிக்குழாயடியில் குளித்து, துணி மாற்றிக்கொண்டு உள்ளே வருவான், படுக்கையும் தனி. அப்படியும் காலையில் அவள் இமை வீங்கியிருக்கும். தங்கள் பீச் தோட்டத்தை விற்கப் பார்த்தார்கள். ஊரில் பாதித் தோட்டம் விலைக்கு நிற்கும்போது யார் வாங்குவார்?

இந்தக் கோடையில் பார்க்கப் போனேன். சுணை உள்ளே வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததில் வீடு புழுங்கியது. வாசல்வரை என்னோடு வந்த லாசரோஸ் மெதுவாகச் சொன்னான்:

"மரத்தையெல்லாம் வெட்டிடறேன்னேன். அப்புறம் எதைத் தின்னு உயிர் வாழறதுன்னு கேக்குறா."

அவன் வெட்டினாலும் சுற்றியுள்ள தோட்டங்கள் எங்கள் எல்லோருடையவை. அங்கிருந்து சுணை வந்துகொண்டேதான் இருக்கும்.