கார்வண்ணனின் மனைவி

கற்பிட்டியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் பவுலினாவுக்கு நாற்பத்தொரு வயது. ஊருக்குள் அவள் தையல்காரி. ஊருக்கு வெளியே பதினோராயிரம் பெண்களுக்கு எழுத்தாளர். முகநூலில் வாரம் இரண்டு அத்தியாயமாக அவள் எழுதிய தொடர்கதையின் நாயகன் பெயர் கார்வண்ணன். ஆறடி இரண்டு அங்குலம், மழைக்கு முந்திய கடலின் கறுப்பு. சிரிக்கமாட்டான். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். பதினெட்டாம் அத்தியாயம் முழுக்க அவன் கதாநாயகிக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்து நின்றான். அதற்கு மட்டும் நானூறு பேர் அழுத முகம் போட்டிருந்தார்கள்.

பவுலினாவின் கணவர் யூட் ஐந்தடி மூன்று அங்குலம். ஓட்டோ ஓட்டுகிறவர். கண் விழிக்கும்போதே ஏதோ ஒரு கதையின் நடுவில்தான் விழிப்பார். அவள் எழுத உட்கார்ந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும், மிச்சச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பதும், எழுதியதை முதலில் வாசிப்பதும் அவர்தான்.

"அக்கா, கார்வண்ணன் உங்கட அவரா?" என்று வாசகிகள் அடிக்கடி கேட்டார்கள். பவுலினா ஒரு சிரித்த முகத்தை மட்டும் போடுவாள்.

அந்தச் சிரித்த முகத்தை நம்பி, ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் உடப்பு ஊர் ஆசிரியை தக்ஷாயினி எட்டு வாசகிகளோடு வான் வண்டி பிடித்து வருவதாக அறிவித்தாள்.

"இஞ்ச பாருங்க, ஞாயிறு பின்னேரம் உங்களுக்கு ஓட்டம் ஒண்டும் இல்லையா?" என்று பவுலினா கணவரைக் கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"என்னப் பாக்க ஆக்கள் வாறாங்க."

யூட் ஊசியை நிறுத்தினார். "உன்னயா, கார்வண்ணனயா?"

அவள் கத்தரிக்கோலைத் தேடத் தொடங்கினாள்.

"சரி, நான் சந்தியில நிக்கிறன்" என்றார் அவர்.

வாசகிகள் கேக்கோடு வந்து இறங்கினார்கள். கார்வண்ணன் எங்கே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்கள் மட்டும் உள்ளறைக் கதவிலேயே இருந்தன. அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் மோட்டார் திருத்துகிற மரியதாஸ். ஆறடிக்கு மேல், நல்ல கறுப்பு. இரண்டு நாளாகக் கடைவாய்ப்பல் வலி தாங்காமல், ஆசுபத்திரிக்குப் போக யூட்டின் ஓட்டோவைத் தேடி வந்திருந்தான். ஓட்டோவைக் காணாமல் கதவு நிலையில் சாய்ந்து, தாடையை இறுக்கிக்கொண்டு தூரத்துக் கடலைப் பார்த்தான்.

ஒன்பது பெண்களும் மூச்சை அடக்கினார்கள்.

தக்ஷாயினி மெல்லக் கிட்டப் போனாள். "அண்ணா, ஏன் இவ்வளவு வேதனையோட நிக்கிறீங்க?"

மரியதாஸ் கண்ணை மூடித் திறந்தான். "ஏலாது" என்றான்.

ஒரே வார்த்தை. பின்னால் நின்ற ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. பவுலினா உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் எல்லோரும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மரியதாஸ் தேடுவதாகச் சந்தியில் யாரோ சொல்லி, யூட் ஓட்டோவோடு வந்து சேர்ந்தார். "என்ன எல்லாரும் வெயிலுக்க நிக்கிறீங்க, உள்ள வாங்க, கதிரையெல்லாம் கிடக்கு, உடப்பில இருந்தா வாறீங்க, ரோட்டு எப்பிடி..."

"நீங்க யாரு?" என்றாள் தக்ஷாயினி, சற்றுச் சலிப்போடு.

யூட் பவுலினாவைப் பார்த்தார். அவள் குனிந்து ஏற்கனவே மடித்திருந்த துணியை மறுபடி மடித்தாள்.

"நான் ஓட்டோக்காரன், மிஸ்" என்றார் யூட். மரியதாஸை ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டோ மறையும்வரை பெண்கள் கையசைத்தார்கள்.

"அந்த வாய்க்காரனோட அவர் எப்பிடித்தான் போறாரோ, பாவம்" என்றாள் ஒருத்தி.

யூட் திரும்பி வந்தபோது வான் போய்விட்டிருந்தது. "பல்லப் பிடுங்கியாச்சா?" என்று கேட்டாள் பவுலினா.

"ம்."

அதன் பிறகு அவர் பேசவில்லை. சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். இருபத்தாறு அத்தியாயங்களாக அவள் உருகி உருகி எழுதிய அதே முதுகு, கிட்டத்தட்ட ஓரடி குறைவாக, அவள் வீட்டிலேயே நின்றது. கறியில் உப்புக் கூடிவிட்டதா, காய்ச்சலா, கோபமா என்று ஒன்றும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னத்தயாவது கதையுங்களேன்."

"ஓட்டோக்காரன் என்னத்தக் கதைக்கிறது?"

மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவர் பொத்தான் தைக்கும் பழைய படமொன்றை அவள் அன்றைக்கே முகநூலில் போட்டாள். "இவர்தான் என் கணவர். அன்று ஓட்டோக்காரன் என்று சொன்னவர். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் படம் பிடித்தவருக்குப் பல்வலி" என்று எழுதினாள்.

இருநூறு பேர் விலகிப் போனார்கள். தக்ஷாயினியின் பதிலை யூட்டே எடுத்துச் சத்தமாக வாசித்தார்: "அக்கா, அண்ணா நல்லவர் எண்டு விளங்குது. நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. ஆனா கதைக்குள்ள மட்டும் அவரக் கொண்டு வந்திராதீங்க. அந்தப் பல்வலிக்காரர் கலியாணம் முடிச்சவரா?"

யூட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. கார்வண்ணன் வாய் திறந்து கதைச்சிருந்தா உன்ட கதை ரெண்டாம் அத்தியாயத்திலேயே முடிஞ்சிருக்கும்" என்றவர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாக ஓட்டோவில் ஏறிய ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பவுலினா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திங்கட்கிழமைக் காலையில் ஏறிய வெங்காய முதலாளியிடம் அவர் வந்து சேரவே முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.