குழலுக்குள் பார்த்தவன்

சுடாத துப்பாக்கியின் வாயில் கண்ணை வைத்து, உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கக் கூடாது. இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், வீடு நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு, நான் பார்த்தேன்.

தளி சாலையில் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். படுத்துக்கொண்டே ஆடக்கூடிய விளையாட்டு அது ஒன்றுதான் அகப்பட்டது.

அந்த ஞாயிறு காலை, நான்காவது முறை விசையை இழுத்தபோது துப்பாக்கி 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. தோட்டா சிக்கினால் குழல் இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்பெனியில் மெஷின் நின்றால் மற்றவர்கள் கை தூக்குவார்கள், நான் போவேன். பிளாஸ்டிக் மோல்டிங்கில் இருபத்தைந்து வருட மெயின்டனன்ஸ். நானே கை தூக்கிப் பழக்கமில்லை.

தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றினேன். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று மனது எடுத்துக்கொண்டது. மண்டியிட்டு, துப்பாக்கியின் கட்டையைப் படுத்துச் சுடும் பாயில் ஊன்றி, மோல்டிங் மெஷினின் மூக்கில் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன்.

பக்கத்திலிருந்து ஒரு கை குழலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளியது. சேஃப்டி ஆபீசர். ஊத்தங்கரைக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"அப்படியே புடிங்க சார். விரல எடுங்க. சிலது லேட்டா வெடிக்கும்."

இந்தியில் முப்பது வரை எண்ணினார். பிறகு போல்ட்டை இழுத்தார். குழலுக்குள் தங்கியிருந்த தோட்டா பாயில் விழுந்தது. அதன் விளிம்பில் ஃபயரிங் பின் அடித்த தடம், நகக்கீறல் அளவுக்கு.

"அடிச்சிருக்குது பாருங்க. வெடிக்கல, அவ்ளோதான். எந்தக் கம்பெனிங்க?"

சொன்னேன்.

"அங்கயும் இப்படித்தான் எட்டிப் பாப்பீங்களா?"

"பவர் ஆஃப் பண்ணிட்டுப் பாப்போம்."

"இதுல சுவிட்ச் எங்கங்க இருக்குது?"

பயம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். செத்துப்போயிருக்கலாம் என்பது, வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பதுபோல இருந்தது. அவர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வரலாமா?"

"வாங்க சார். ஒரு மாசத்துக்கு மத்தவங்க சுடறதப் பாத்துட்டுப் போங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியில் எந்த சிக்னலில் நின்றேன் என்று நினைவில்லை. மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை, கம்பெனி ரிப்போர்ட் வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். கத்தி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. இருட்டு."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"அதுக்குத்தான் எங்க போனாலும் கண்ணாடிய எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றது."