ஆலங்குடி பேனரில் என் முகம்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே ஒரு காதுகுத்து பேனர். தாய்மாமன்கள் வரிசையில், மீசைக்காரர்களுக்கு நடுவே, கோட்டும் டையுமாக என் முகம்.

முந்திரி ஆலைக்கு ஆலோசனை சொல்லக் கோலாலம்பூரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த வாரமே, படம் போட்ட விசிட்டிங் கார்டை எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். தொழில் விஷயமாக ஒருவரும் கூப்பிடவில்லை. ஆலை மேஸ்திரி முருகேசன் மட்டும் ஞாயிறுதோறும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பக்கத்தில் பலாச்சுளை விற்கும் அக்கா என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“நீங்கதானே அது? முருகேசன் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவுக இல்லைங்க. அதான் சித்தப்பா மகன்களோட ஒங்களையும் மாமனாப் போட்டுருக்காக. ஞாயித்துக்கெழம வந்துருவீங்கள்ல?”

எனக்கும் உடன்பிறந்தவர்கள் இல்லை. இதுவரை நான் யாருக்கும் மாமன் இல்லை.

“நாளைக்கு ஃப்ளைட் அக்கா.”

கிளம்புகிறேன் என்று நேற்று ஆலையில் சொன்னபோது, முருகேசன் இந்தப் பேனரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா ஒரு சுளையை எடுத்து என் கையில் வைக்கிறார். பஸ் வந்துவிடுகிறது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறேன். ‘வருக வருக’ என்ற எழுத்துக்குக் கீழே நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.