மேசைமேல் ஒரு பீஸ் கட்டை

என் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு பீஸ் கட்டை கிடக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் போகும் பெட்டியில் சொருகும் ஃபியூஸ். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் சிறு உடைப்பு. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "பேப்பர் வெயிட்டுங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முழுக்கதை இது.

துடியலூரில் எங்கள் அலுவலகம். தோட்டத்து மோட்டார்களைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் செய்கிறோம். முன்பு விவசாயி தன் கைபேசியில் பொத்தானை அழுத்துவார். பிறகு அந்த வேலையையும் ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அதுவே பார்த்து மோட்டாரைப் போடும். அதற்குக் கிணறும் தெரியாது, தோட்டமும் தெரியாது. மோட்டாரைப் போட, நிறுத்த என்று அதற்குக் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது பயன்படுத்தலாம் என்று நாம் எழுதிவைக்கும் சில வரிகள்தான் அதற்கு உலகம். அந்த வரிகளை எழுதியவர் என் பக்கத்து இருக்கை அக்கா. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், வாய்த்துடுக்குக்காரர். நான் நீட்டி முழக்கி எழுதினால், "இதென்னங்க, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேலி செய்துகொண்டே பாதியை வெட்டிவிடுவார். மோட்டாரைப் போடும் கருவிக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: 'மோட்டாரை இயக்கும். இயங்காவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க.' அதைப் படித்துப் பார்த்த எங்களில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் சோதனைக்கு அக்கா தன் தோட்டத்தையே கொடுத்தார். காங்கேயம் பக்கத்தில் கணவர் விவசாயம் பார்த்தார். அக்கா வாரநாளில் இங்கே தங்கி, சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தவர், டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் நின்றிருக்கிறது என்று ஏஜென்ட் கண்டுபிடித்திருந்தது. மோட்டாரைப் போட முயன்றிருந்தது. தோல்வி. பொறுத்து, மறுபடி முயன்றிருந்தது. மறுபடி தோல்வி. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

"காலைல போன்ல சொன்னாருங்க, பம்புல தழை அடைச்சிருக்குது, இன்னைக்குக் கெணத்துல எறங்கோணும்னு" என்றார் அக்கா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. அந்த மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது. அதைக் கையால் பிடித்துத் தழையை எடுக்கும்போது மின்சாரம் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் பாய்ந்து ஏஜென்ட்டை நிறுத்தினேன். ஆனால் கடைசிக் கட்டளை ஏற்கெனவே போயிருந்தது. 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று திரை காட்டியது. சிக்னல் இல்லையா, மோட்டார் ஓடிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அக்கா கணவரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. திரும்பத் திரும்ப அழைத்தார். இன்றைக்கும் யாராவது போனை எடுக்கத் தாமதித்தால் எனக்கு அந்த மத்தியானம்தான் வரும்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். அக்கா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன் அம்மணி இத்தன தடவ கூப்புட்டிருக்கற? கெணத்துக்குள்ள இருந்தனில்ல."

"மோட்டாரு ஓடலீங்களா?"

"எப்புடி ஓடும்? பீஸ் கட்டை என்ற மடியிலதான கெடக்குது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கிணற்றில் இறங்குகிறவர் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதைப் போல. அக்காவும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தவர். அதனால்தான் எழுதத் தோன்றவில்லை. "அவரு மேல வந்து கட்டையச் சொருகிப்போட்டு, உள்ள உட்டுட்டு வந்த அருவாளை எடுக்க மறுக்கா எறங்கியிருந்தா?" என்று கேட்டுவிட்டு, "என்ற கையால எழுதுனதுங்க அது" என்றார்.

அன்றே அந்த வரிகளை அழித்து எழுதினார். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. 'மோட்டார் நின்றிருப்பதால் மட்டும் அதை இயக்கலாம் என்று ஆகாது. வேலை செய்வதற்காக யாராவது நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் தோட்டத்தில் இருப்பவரிடம் கேட்டு, போடலாம் என்று பதில் வந்தபிறகே இயக்கவும். பதில் வராவிட்டால் இயக்க வேண்டாம். இயங்க மறுத்தால் கிணற்றுக்குள் ஆள் இருப்பதாகவே கொள்ளவும். மீண்டும் முயல வேண்டாம்.' அடுத்த திங்கட்கிழமை அந்தக் கட்டையோடு வந்தார். கணவருக்குப் புதிது வாங்கிக்கொடுத்துவிட்டாராம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று என் மேசைக்கு நகர்த்திவிட்டார்.

இப்போது எங்கெங்கோ தோட்டங்கள், முகம் தெரியாத மனிதர்கள். எனக்குப் பயம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் எழுதாமல் விட்டது இன்னும் என்னென்ன இருக்கிறதோ. போன வாரம் ஆனைமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொட்டி வற்றியிருந்தது. ஏஜென்ட் அங்கே செய்தி அனுப்பியிருந்தது: 'மோட்டாரைப் போடலாமா?' நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது.

'போட்றாதீங்க. உள்ள ஆளிருக்குதுங்க.'

உள்ளங்கை வலித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். பீஸ் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதன் உடைந்த ஓரம் தோலில் பதிந்திருந்தது.